பித்தளைத் தட்டை முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்ற

பழைய ஜப்பானில் முகம் பார்த்தது மெருகேற்றிய வெண்கலத்தில்தான். 3ஆம் நூற்றாண்டில் ஹிமிகோ அரசிக்குச் சீனாவின் வெய் அரசு 100 வெண்கலக் கண்ணாடிகளைப் பரிசாகக் கொடுத்தது; இசே கோயிலில் இருப்பதாகச் சொல்லப்படும் புனிதக் கண்ணாடியை இன்றும் யாருக்கும் காட்டுவதில்லை.

சரி, நம் வீட்டில் பித்தளை போதும். வேலைப்பாடு இல்லாத சமதளத் தட்டு (சாமித் தட்டு என்றால் அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்). புளியும் சாம்பலும் போட்டுக் கறுப்புப் போகத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் 800, 1500, 2000 என்று (எண் கூடக்கூட நைசான தாள்) சேன்ட் பேப்பரை நனைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும், தாள் மாற்றும்போது குறுக்காகத் தேயுங்கள், முந்தின கீறல் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். கடைசியாகப் பழைய சாரத் துணியில் பிராசோ (பித்தளை பாலிஷ்) போட்டுத் தேயுங்கள். அந்தக் காலத்து ஜப்பான் மெருகுக்காரர்கள் பாதரசம் பூசினார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெயில் எட்டிப் பார்க்கும்போது லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டு) சுவரில் ஒளியை விழ வையுங்கள். ஜப்பானின் ‘மாக்யோ’ கண்ணாடியில் பின்புறச் சித்திரமே சுவரில் தெரியும்: மெல்லிய உலோகம் தேய்க்கும்போது அந்தச் சித்திரத்துக்கு ஏற்றபடி முன்புறமும் கண்ணுக்குத் தெரியாமல் மேடுபள்ளமாகிவிடும். நம் தட்டில் அது வராது. நுவரெலியா ஈரத்தில் பித்தளை சீக்கிரம் கறுக்கும், துளி தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள்.