கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஏரோநாட்டிகல் படிக்கப் போற அம்மிணிகளுக்கு

ஆடி மாசம் நம்ம பாலக்காட்டுக் கணவாய்ல காத்து அடிக்கிற அடி தெரியும்ல, கொடியில போட்ட துணி அடுத்த தோட்டத்துல போய் கிடக்கும். கஞ்சிக்கோட்டுல அந்தக் காத்துல சுத்துதே கரண்டு எடுக்கற காத்தாடி, அதோட இறக்கையைக் குறுக்கால வெட்டிப் பாத்தா வர்ற வடிவமும் விமான இறக்கையோட வடிவமும் ஒரே குடும்பம், அதனால இந்தப் படிப்பு நமக்கு எட்டாத ஊருக்காரங்களோடதுன்னு நினைக்காத.

முதல்ல ஒண்ணைத் தெளிவா புரிஞ்சுக்கோ. விமானத்தை வடிவமைக்கக் கத்துக்கற ஏரோநாட்டிகல் எஞ்சினியரிங் வேற, ஏ.எம்.இ வேற. ஏ.எம்.இ-ங்கறது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ-கிட்ட லைசென்ஸ் வாங்கி விமானத்தைப் பராமரிக்கிற வேலை, நல்ல வேலைதான், ஆனா அந்தக் கோர்ஸ் மட்டும் படிச்சா பி.டெக் டிகிரி ஆகாது, டிசைன் பக்கம் போகணும்னா டிகிரி கேப்பாங்க. நான் பிளஸ் டூ முடிச்ச வருஷம் ஒருத்தர் வீட்டுத் திண்ணைலயே உக்காந்து ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லி 25,000 ரூபா அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனாரு, அப்பா மாடு வித்த காசு அது, திரும்பி வரவே இல்ல. டிகிரியா, எந்த யுனிவர்சிட்டி, தொழில்நுட்பப் படிப்புக்கு அனுமதி குடுக்கற ஏஐசிடிஇ-யோட அனுமதி இருக்கான்னு எழுத்துல பாக்காம பத்து பைசா குடுக்காத.

அடுத்து சீட்டு. தமிழ்நாட்டு கவுன்சிலிங்ல கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50-ன்னு 200-க்கு கட் ஆஃப், கேரளாவுல கீம் நுழைவுத் தேர்வு, ரெண்டுக்கும் விதி வேற. எல்லையில இருக்கறவங்களுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட்தான் தலைவலி, அட்மிஷன் நேரத்துல ஓடாம பதினொண்ணாம் வகுப்புலயே கேரளா அரசு இ-சேவை மையமான அக்ஷயா சென்டர்ல போட்டு வாங்கி வை. சென்னை குரோம்பேட்டைல மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜின்னு இருக்கற எம்.ஐ.டி-ல ஏரோநாட்டிகல் இருக்கு, கலாம் ஐயா படிச்ச இடம். திருவனந்தபுரம் வலியமலைல விண்வெளிப் படிப்புக்குன்னே இருக்கற ஐ.ஐ.எஸ்.டி-ல ஏரோஸ்பேஸ் இருக்கு, அதுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதணும்.

சீட்டு கிடைக்கலன்னா அழாத. மெக்கானிக்கல் எடு, அப்புறம் எஞ்சினியரிங் மேல்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதி மேல் படிப்புல இதுக்கு மாறிக்கலாம். அக்னி-4 ஏவுகணைக்கு ப்ராஜக்ட் டைரக்டரா இருந்த டெஸ்ஸி தாமஸ் ஆலப்புழைக்காரங்க, திருச்சூர் அரசு எஞ்சினியரிங் காலேஜ்ல அவங்க படிச்சது எலக்ட்ரிக்கல், மேல்படிப்புலதான் ஏவுகணைக்கு வந்தாங்க.

பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஏரோபிளேன்னு மாமா கேட்டா எல்சி மெக்கில் கதையைச் சொல்லு. கனடாக்காரம்மா, 1929-ல மிச்சிகன்ல ஏரோநாட்டிகல் மாஸ்டர்ஸ் வாங்குன முதல் பொண்ணு, பட்டம் வாங்கற நேரத்துல போலியோ வந்து இனி நடக்கவே முடியாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க, ஆனா அந்தம்மா ஊன்றுகோல் வச்சு நடந்து, ரெண்டாம் உலகப் போர்ல 1,400-க்கும் மேல ஹரிக்கேன்ங்கற போர் விமானம் ஃபாக்டரில இருந்து வெளிய வரக் காரணமா இருந்தாங்க, பனியில இறங்க ஸ்கீ மாட்டற மாதிரி அதை மாத்துனதும் அவங்கதான்.

வேலைக்கு வந்தப்புறம் என்ன பண்ணுவன்னு கேக்கறியா? என் வேலைல பாதி நாள் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ரிவெட் ஆணியோட ஓட்டையைச் சுத்தி விரிசல் எப்ப வரும்னு கணக்குப் போடறதுதான். 1954-ல காமெட்ங்கற பிரிட்டிஷ் பயணிகள் ஜெட் விமானங்க நடுவானத்துல உடைஞ்சதுக்குக் காரணமே இந்த உலோகச் சோர்வுதான், ஒவ்வொரு தடவை மேல ஏறி இறங்கும்போதும் விமானத்தோட உடம்பு காத்தழுத்தத்துல உப்பிச் சுருங்கும், ஜன்னல் மாதிரி திறப்போட மூலைல விரிசல் பிறக்கும். கணக்கு பயமா இருந்தா இப்பவே சரி பண்ணிக்கோ, கால்குலஸை மனப்பாடம் பண்ணாம புரிஞ்சு படி.

அந்த உலோகச் சோர்வை நீயே கண்ணால பாக்க இன்னிக்கு ராத்திரியே ஒண்ணு செய். பந்தல் கட்டற கட்டுக்கம்பி ஒரே நீளத்துல மூணு துண்டு எடு, ஒவ்வொண்ணையும் ஒரே மாதிரி இப்படியும் அப்படியும் மடக்கு, எத்தனாவது மடக்குல உடையுதுன்னு நோட்டுல எழுது. உடைஞ்ச இடத்தைத் தொட்டா சூடா இருக்கும். மூணுக்கும் ஒரே எண் வராது, ஏன் வரலன்னு அதுக்குக் கீழயே எழுதி வை.