ஒரே மரத்தை ஓராண்டு பின்தொடர்வது எப்படி? மரப்பண்ணைக்கு வரும் மாணவர்களுக்கான செய்முறை

மரப்பண்ணைக்கு மாணவர்களை அழைத்து வருவோர் பெரும்பாலும் ஒரே நாளில் எல்லா மரங்களையும் காட்டிவிட முயல்கிறார்கள். இருவருக்கு ஒரு மரம் என ஒப்படைத்து, ஒவ்வொரு பருவத்திலும் அதே மரத்திடம் அவர்களைத் திரும்ப வரச் செய்வதே அதிகம் கற்பிக்கிறது என்பதை நடத்திப் பார்த்து உணர்ந்தேன்.

முதலில், ஒற்றை அடிமரமும் கைக்கு எட்டும் ஒரு கிளையுமுள்ள மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அடையாளத்துக்கு ஆணி அடிக்க வேண்டாம். கிளையில் துணிநாடாவைத் தளர்வாகக் கட்டி, ஒவ்வொரு வருகையிலும் அவிழ்த்துக் கட்டுங்கள். மரத்தைப் பருக்கச் செய்யும் உயிருள்ள படலம் பட்டைக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது. இறுகிய கட்டு நாளடைவில் அதை நெரித்துவிடும்.

அடுத்தது சுற்றளவு. நான் தடுமாறியது இங்கேதான். முதல் வருகையில் 62 செ.மீ. இருந்த மரம், அடுத்த பருவத்தில் 59 செ.மீ. ஆகிவிட்டதாக ஒரு மாணவி கவலையோடு குறிப்பேட்டைக் காட்டினாள். மரம் இளைக்கவில்லை, முதல் முறை முழங்கால் உயரத்திலும் அடுத்த முறை மார்பு உயரத்திலும் அளந்திருந்தார்கள். அடிமரம் வேரை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும் என்பதால், உயரம் மாறினால் அளவும் மாறிவிடும். ஆகவே 1.3 மீட்டர் நீளமுள்ள ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டு, அதை மரத்தோடு ஒட்டி நிறுத்தி, அதன் நுனி தொடும் இடத்தில் மெல்லிய வண்ணக்கோடு இடுங்கள். சரிவான நிலமாயின் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். அளவு நாடா சாயாமல், முறுக்கின்றி அடிமரத்தைச் சுற்றி வரட்டும். கண்ணாடியிழை நாடாவையே நான் பரிந்துரைப்பேன். நூல் இழுத்தால் நீளும், எஃகு நாடா பட்டையோடு படியாது. சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்: 94.2 செ.மீ. சுற்றளவுக்கு 30 செ.மீ.

மரம் வளரும்போது அந்தக் கோடும் மேலே போய்விடுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். விடையை உடனே சொல்லாதீர்கள். அடுத்த பருவத்தில் அதே குச்சியை அவர்களே வைத்துப் பார்க்கட்டும். கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். மரம் உயர்வது தண்டின் நுனிகளில்தான். அடிமரம் பருக்குமே தவிர நீளாது.

பின்னர் நாடா கட்டிய கிளையைப் பார்த்து, தளிர், மொட்டு, பூ, காய், பழுப்பிலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உண்டு' அல்லது 'இல்லை' என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். 'இல்லை' என்பதையும் எழுதியே ஆக வேண்டும். வெற்றிடமாக விட்டால், பூக்கவில்லையா, பார்க்கவில்லையா என்பது பின்னர் விளங்காது. பேனாவைவிடப் பென்சில் நல்லது. ஈரத்தில் எழுத்து கலையாது.

பின்சேர்க்கை: வாசகர் ஒருவர், கோட்டின் மீதே அளந்தும் சில மில்லிமீட்டர் குறைகிறதே என்று கேட்டிருந்தார். பகலில் இலைகள் நீரை ஆவியாக்கும்போது அடிமரம் மிகச் சிறிதளவு சுருங்கி, இரவில் மீள்கிறது, வறட்சியிலும் சுருங்கும். எனவே எப்போதும் காலையில், ஒரே நேரத்தில் அளந்து, நேரத்தையும் குறித்து வையுங்கள். 1.3 மீட்டருக்குக் கீழேயே கவைத்த மரந்தான் கிடைத்தது என்றால், ஒவ்வொரு தண்டையும் தனி மரமாகக் கருதித் தனித்தனியே அளந்து எழுதுங்கள்.