பென் டிரைவ் ஷார்ட்கட் வைரஸ்: முதலில் கணினி, பிறகுதான் டிரைவ்

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்த பென் டிரைவைச் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகிறதா? பதறிப்போய் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னணியில் வைரஸும் ஓடத் தொடங்கும். சந்தேகமிருந்தால் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் பாருங்கள். ஃபோல்டரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளோ, டபிள்யூஸ்கிரிப்ட் என்ற பெயரோ இருந்தால் வைரஸேதான்.

ஷார்ட்கட்டுகளை மட்டும் அழித்துப் பயனில்லை. கணினியில் ஓடும் வைரஸ் உடனே மறுபடி உருவாக்கிவிடும். அதனால் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினியிலிருந்து தொடங்குங்கள்.

1. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் தேடித் திறந்து, வைரஸ் தடுப்பு அப்டேட்டை முடியுங்கள். பிறகு நெட்டைத் துண்டியுங்கள்.

2. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டீட்டெய்ல்ஸ் பகுதியில் டபிள்யூஸ்கிரிப்ட் இருந்தால் எண்ட் டாஸ்க் கொடுங்கள். ஸ்டார்ட்அப் பகுதியில் நீங்கள் நிறுவாத, பெயர் விளங்காத எதையும் டிஸேபிள் செய்யுங்கள்.

3. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் ஸ்கேன் ஓடும். சாதாரண ஸ்கேனைவிட இதுவே மேல்: விண்டோஸ் முழுதாகக் கிளம்பும் முன்பே நடப்பதால் வைரஸ் ஓடி ஒளிய வழியில்லை.

4. இப்போது டிரைவைச் செருகுங்கள். ஃபைல் எக்ஸ்புளோரர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய், மறைந்த கோப்புகளைக் காட்டும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிட்டு, கோப்புகள் போய்விட்டன என்று முடிவுகட்டுகிறார்கள். அசல் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சில வகை வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும். அதையும் திறந்து பாருங்கள்.

5. கணினியில் புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, மங்கலான ஃபோல்டர்களுக்கு உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் காப்பி செய்யுங்கள். ஃபோல்டரையே இழுத்துப் போட்டால் மறைக்கும் குறியும் கூடவே வந்துவிடும். புது ஃபோல்டரை ஸ்கேன் செய்து பார்த்த பிறகு டிரைவை ஃபார்மேட் செய்யலாம். எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

ஃபார்மேட் செய்த டிரைவிலும் ஷார்ட்கட்டுகள் மறுபடி முளைத்தால் கணினி இன்னும் சுத்தமாகவில்லை என்று அர்த்தம். முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள ரீசெட் திஸ் பிசியில், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவும் ரிமூவ் எவ்ரிதிங் கொடுங்கள். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை அதன் பிறகு மாற்றுங்கள். அவசரமென்றால் வைரஸ் இல்லாத வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.