சேலத்தில் ஆபரேஷனுக்கு டாக்டர் தேடும்போது

வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டுச் சேலத்துக்கோ ஏற்காட்டுக்கோ குடிவருபவர்கள் திணறும் இடம் இது. லண்டனில் குடும்ப டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் பொதுவாகச் சர்ஜனைப் பார்க்க முடியும். இங்கே வயிற்றுவலி என்று நேராகப் போய் டோக்கன் போட்டு உட்காரலாம். வசதிதான். ஆனால் சரியான ஆளைச் சலித்தெடுக்கும் வேலையும் உங்கள் தலையில்தான்.

குடலிறக்கம், பித்தப்பைக் கல், குடல்வால், மூலம், பவுத்திரம் எல்லாம் ஜெனரல் சர்ஜனின் வேலை. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அடுத்து எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி அல்லது அதே துறையில் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் இணையான பட்டம்) இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் வரிசையாக நிற்கும் எழுத்துகளில் பலவும் குறுகிய காலப் பயிற்சிகள். அவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். மருந்துச் சீட்டில் மருத்துவ கவுன்சில் பதிவெண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'கத்தியின்றி மூலம் குணமாகும்' என்ற சுவர் நோட்டீஸை நம்பிப் போகவே போகாதீர்கள். ரத்தம் போவதெல்லாம் மூலம் அல்ல, பெருங்குடல் புற்றுநோயிலும் போகும். பரிசோதிக்காமலே மூலம் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சொந்தக்காரர்களிடம் விசாரித்தால் 'கைராசிக்கார டாக்டர்' என்று ஒரு பெயர் வரும். சரி, குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவர் செய்தது எந்த ஆபரேஷன், எப்போது என்று கேளுங்கள். குடல்வாலில் கைராசி என்பதற்காகப் பித்தப்பையை ஒப்படைக்க முடியாது. தியேட்டர் நர்ஸோ மயக்க மருந்து டாக்டரோ தெரிந்தவராக இருந்தால், தன் வீட்டு ஆளை யாரிடம் காட்டுவார் என்று கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம்.

டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியதில் முக்கியமானது, ஆபரேஷன் முடிந்த இரவு யார் இருப்பார் என்பது. பகலில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் வேலை, மாலையில் தனி கிளினிக், ஆபரேஷன் வேறொரு நர்சிங் ஹோமில் என்று ஓடும் சர்ஜன்கள் உண்டு. அது குறையல்ல, அனுபவம் அப்படித்தான் சேர்கிறது. ஆனால் நள்ளிரவில் ரத்தம் கசிந்தால் டியூட்டி டாக்டர் இருக்கிறாரா, சர்ஜன் எவ்வளவு நேரத்தில் வருவார், ஐ.சி.யு. அங்கேயே உண்டா? இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் போங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் டிஸ்சார்ஜ் ஆன கையோடு மலையேற வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளை ராத்திரியில், காய்ச்சலும் வாந்தியுமாக இறங்குவது லேசான காரியமல்ல. முதல் செக்கப் வரை சேலத்திலேயே அஸ்தம்பட்டி பக்கம் ஏதாவது அறை எடுத்துத் தங்குங்கள்.

எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். குடலிறக்கத்துக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வலையின் (மெஷ்) விலை அதில் சேர்ந்ததா என்று தனியாகக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் இருவரிடமும் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது. பித்தப்பையை எடுத்தால் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஃபைலில் போட்டு வையுங்கள்.