அரசியல்வாதி மீது வழக்கா? நியாயமானதா பழிவாங்கலா என்று பார்ப்பது எப்படி

முதலில் வழக்கைப் போட்டது யார், எப்போது என்று பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1996 தேர்தலில் அவர் தோற்று திமுக ஆட்சிக்கு வந்த பிறகுதான் அது பதிவானது, அதில் அரசியலே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. சரி, அதனால் வழக்கு பொய்யாகிவிடுமா? நோக்கம் வேறு, ஆதாரம் வேறு.

அடுத்து, ஆட்சி மாறியதும் வழக்கு என்ன ஆனது என்று கவனியுங்கள். 2001இல் அதிமுக திரும்பி வந்ததும் சாட்சிகளை மறுபடி அழைத்தார்கள், பலர் பல்டி அடித்தார்கள், அரசுத் தரப்பு கண்டுகொள்ளவில்லை. அதனால்தான் 2003இல் உச்ச நீதிமன்றம் வழக்கை பெங்களூருக்கு மாற்றியது.

அப்புறம் தீர்ப்பையே படியுங்கள், செய்தித் தலைப்பை நம்பாதீர்கள். 2014இல் பெங்களூரு விசாரணை நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறை, 100 கோடி அபராதம் விதித்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரையும் கூடக் குற்றம் சாட்டப்பட்டவர்களையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் வருமானமாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட கடன்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, வரிசையாகக் கூட்டினால் சுமார் 10.67 கோடிதான் வருகிறது, ஆனால் கீழே 24.17 கோடி என்று போட்டிருந்தார்கள். கால்குலேட்டர் வைத்திருக்கிற யாரும் கண்டுபிடிக்கக்கூடிய பிழை இது, கோபம் வருகிறது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பையே உறுதி செய்தது, ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு மட்டும் முடிந்துபோனது.

உச்ச நீதிமன்ற இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசம். கடைசியாக ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவர் கட்சி மாறினால் வழக்கு திடீரென்று தூங்கிவிடுகிறதா என்றும் பாருங்கள்.