17 என்றால் எதில் 17? கிரெய்ன் அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறுபடி பிலிம் பிடிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் இப்போதெல்லாம் நெகட்டிவை ஸ்கேன் செய்து, பைத்தானில் நாலு வரி எழுதி, "இந்த பிலிமோட கிரெய்ன் இவ்வளவு சார்" என்று ஒரு எண்ணை அனுப்புகிறார்கள். கிரெய்ன் என்பது பிலிமின் வெள்ளி மணிகளால் படத்தில் தெரியும் சொரசொரப்பு. ஆர்வம் நல்லதுதான். ஆனால் வருகிற எண்கள் பலவற்றில் நான் ஆரம்பத்தில் செய்த கோளாறுகள் அப்படியே இருக்கின்றன, வரிசைகூட மாறவில்லை. ஃபோகஸ் தப்புவது, ஸ்கேனர் கண்ணாடியில் தூசி, காலாவதியான டெவலப்பர் இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு தடவை பட்டால் தானாகப் புரிந்துவிடும். வருடக்கணக்கில் கண்ணில் படாமலே கூட வருகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

எந்தத் துளையில் அளந்தது என்று சொல்லாத எண்

இதை நீளமாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஸ்கேனில் சீரான சாம்பல் பகுதி ஒன்றை வெட்டியெடுத்து, பிக்சல்களின் திட்ட விலக்கத்தை, அதாவது சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதை, கணக்குப் போட்டு, அதுதான் கிரெய்ன் என்கிறோம். அந்த எண்ணில் பிலிமின் பங்கு எவ்வளவோ, அதே அளவு நீங்கள் பார்த்த ஜன்னலின் பங்கும் இருக்கிறது. மூட்டை அரிசியை ஆழாக்கால் அள்ளினால் ஒன்றில் கல்லே இருக்காது, அடுத்ததில் நாலு இருக்கும். மரக்காலால் அள்ளினால் கல்லின் விகிதம் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். அரிசி என்னவோ அதே அரிசிதான். பிலிமில் இதையே செல்வின் என்பவர் 1935-இல் விதியாக எழுதினார்: அடர்த்தியின் (பிலிம் ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதன்) திட்ட விலக்கத்தை அளவுத் துளையின் பரப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது மாறாத எண். துளையின் பரப்பு நாலு மடங்கானால் திட்ட விலக்கம் பாதியாகும்.

கோடக்கின் டேட்டா ஷீட்டில் ட்ரை-எக்ஸ் 400 பிலிமுக்கு ஆர்எம்எஸ் (கிரெய்னுக்கான அளவு) 17 என்றும், டி-மேக்ஸ் 100-க்கு 8 என்றும் போட்டிருக்கும். அந்த 17-க்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் இருக்கிறது: அடர்த்தி 1.0 உள்ள சீரான பகுதியில், 48 மைக்ரான் விட்டமுள்ள வட்டத் துளையால் அளந்து, கிடைத்த திட்ட விலக்கத்தை 1000-ஆல் பெருக்கியது. அதாவது உண்மையான எண் 0.017.

இப்போது உங்கள் ஸ்கேனருக்கு வருவோம். 4000 டிபிஐ என்றால் ஒரு பிக்சல் 6.35 மைக்ரான், பரப்பு சுமார் 40 சதுர மைக்ரான். கோடக்கின் வட்டத் துளையோ சுமார் 1,810 சதுர மைக்ரான். விகிதம் 45, வர்க்கமூலம் 6.7. ஆகவே அதே ட்ரை-எக்ஸ் உங்கள் பிக்சல் வழியாகப் பார்த்தால் 0.114 காட்ட வேண்டும். 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்த உங்கள் நண்பருக்கு 0.068 வரும். இரண்டு பேரும் டெவலப்பரைப் பற்றி ராத்திரி முழுக்கச் சண்டை போடுவீர்கள். டெவலப்பர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

சண்டையோடு போனால் பரவாயில்லை. பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்களை டிஜிட்டலாக்கும் வேலையை எடுத்த ஓர் இடத்தில், இரண்டு ஸ்கேனர்களை வைத்து ஒரே சாம்பல் பட்டையை 4000 டிபிஐயில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் திட்ட விலக்கம் 0.04, மற்றதில் 0.09. "இதுல கிரெய்ன் பாதிகூட இல்ல" என்று முதலாவதை வாங்கி, பெட்டி பெட்டியாக நெகட்டிவ்களை அதில் ஓட்டித் தள்ளினார்கள். அப்புறம்தான் படங்கள் ஏதோ மாதிரி இருக்கிறது என்று எனக்கு அனுப்பினார்கள். கல்யாணப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டுச்சேலைக் கரையில் சரிகை இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பட்டையாகியிருந்தன. மணப்பெண்ணின் புருவத்தில் மயிர் தனித்தனியாகத் தெரியவில்லை, மை தீட்டியது போலிருந்தது. அந்த ஸ்கேனர் கிரெய்னைக் குறைக்கவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து மழுக்கியிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும், அதுதான் வயிற்றெரிச்சல். சாம்பல் பட்டையில் பிக்சல்களை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்துச் சராசரி எடுத்து, திட்ட விலக்கத்தை மறுபடி பாருங்கள். பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால் அது பாதியாக வேண்டும். இரண்டாவது ஸ்கேனரில் 0.09 என்பது 0.05 ஆனது, ஏறத்தாழ சரி. முதலாவதில் 0.04 என்பது 0.034-க்குத்தான் இறங்கியது. அதாவது பக்கத்துப் பிக்சல்கள் ஏற்கெனவே கலந்து கிடந்தன. எட்டுக்கு எட்டு சேர்த்தபோது, கோடக்கின் துளையை ஒட்டிய அளவு அது, இரண்டு ஸ்கேனரும் 0.014-ஐ ஒட்டியே நின்றன. இரண்டும் பார்த்தது ஒரே கிரெய்ன்தான்! வித்தியாசம் முழுக்க நுண்விவரத்தில் போயிருந்தது. எல்லாவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டிவந்தது. அதற்குள் அசிட்டேட் பிலிம்கள் சில வினிகர் வாடையோடு சுருண்டுபோயிருந்தன. அவற்றுக்கு மழுங்கிய பிரதிதான் கடைசிப் பிரதி.

ஆகவே ஒற்றை எண் அனுப்பாதீர்கள். 1, 2, 4, 8 என்று சேர்த்துப் பார்த்த நாலு எண்களையும், பிக்சல் அளவு எத்தனை மைக்ரான் என்பதையும் அனுப்புங்கள். இன்னும் ஒரு படி போக முடிந்தால் நாய்ஸ் பவர் ஸ்பெக்ட்ரம் வரையுங்கள், பிலிம்காரர்கள் வீனர் ஸ்பெக்ட்ரம் என்பது அதைத்தான். எந்த அளவு நுணுக்கத்தில் எவ்வளவு கிரெய்ன் என்று கோடாகவே தெரிந்துவிடும். டிஜிட்டல் கேமராவுக்கும் இதே சோதனைதான். நாய்ஸ் ரிடக்ஷன் போட்ட மொபைல் படங்களில் பிக்சல் அளவில் எண் அருமையாக இருக்கும், சேர்க்கச் சேர்க்க இறங்கவே இறங்காது. திட்டுத்திட்டாகத் தெரிவது அதனால்தான்.

ஜேபெக்கில் அளப்பது

வேண்டாம்.

8 பிட் ஸ்கேன்

அடர்த்தி 1.0 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் வெளியே வரும். நேர்கோட்டு (ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான) 8 பிட் ஸ்கேனில் அது 255-க்கு 25-ஐ ஒட்டி விழும். அங்கே ஒரே ஒரு படி மாறினால் அடர்த்தியில் 0.017 மாறுகிறது. ட்ரை-எக்ஸின் 17 முழுவதும் ஒரு படிக்குள் அடங்கிவிடும். 16 பிட்டில் எடுங்கள்.

காமா மதிப்பை அடர்த்தி என்று நினைப்பது

ஸ்கேனர் மென்பொருள் தருகிற எண் பெரும்பாலும் காமா ஏற்றியது, அதாவது திரையில் பார்ப்பதற்காக வளைத்தது. முதலில் அதை நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து, பிலிமின் வெற்றுப் பகுதியால் வகுத்து, பத்தடிமான மடக்கை எடுத்து, குறியை மாற்றினால்தான் அடர்த்தி. வரிசை மாறினால் எண் வரும், அர்த்தம் வராது.

ஸ்கேனரின் நாய்ஸையும் பிலிம் கணக்கில் எழுதுவது

பிலிமை அசைக்காமல் இரண்டு தடவை ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கிரெய்ன் மறைந்துவிடும், ஏனென்றால் வெள்ளி எங்கேயும் நகரவில்லை. மிஞ்சுவது ஸ்கேனரின் சொந்த நாய்ஸ். அதன் திட்ட விலக்கத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, மொத்த விலக்கத்தின் வர்க்கத்திலிருந்து கழியுங்கள். டிஜிட்டல் கேமராவில் இதே வித்தை தலைகீழாக வேலை செய்கிறது: ஒரே அட்டையை எடுத்த இரண்டு படங்களைக் கழித்தால் அட்டையின் சொரசொரப்பும் ஓரத்து இருட்டும் போய், சென்சாரின் நாய்ஸ் மட்டும் நிற்கும். அட்டையின் சொரசொரப்பை சென்சார் மேல் பழி போட்டு எழுதிய ஒப்பீடுகளை நான் நிறையப் பார்த்தாயிற்று.

என்ன விளக்கு என்று கேட்காதது

வெள்ளி மணிகள் ஒளியைச் சிதறடிக்கும். நேராகப் பாய்கிற ஒளியில் அளந்தால் அடர்த்தியும் கூடும், கிரெய்னும் தூக்கலாகத் தெரியும். பரவலான ஒளியில் குறையும். 1909-லேயே காலியர் என்பவர் சொல்லிவிட்டார். கேமராவை ஸ்டாண்டில் வைத்து நெகட்டிவைப் படமெடுப்பவர்கள் பலகை விளக்கை மாற்றினால் பழைய எண்களோடு ஒப்பிடக் கூடாது. கலர் நெகட்டிவில் இருப்பது சாயம் என்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பிரிண்ட் கிரெய்ன் இண்டெக்ஸை ஆர்எம்எஸ்ஸோடு ஒப்பிடுவது

இரண்டும் வேறு வேறு அளவுகோல், மாற்றும் சூத்திரம் கிடையாது. பிரிண்ட் கிரெய்ன் இண்டெக்ஸ் என்பது 14 அங்குலத் தூரத்தில் அச்சைப் பார்க்கும் கண்ணுக்கானது. 25-ஐ ஒட்டித்தான் கிரெய்ன் தெரியவே தொடங்கும், 4 கூடினால் பார்ப்பவர்களில் 90 சதவீதம் பேருக்கு வித்தியாசம் தெரியும். "எக்டார் கலர் பிலிம்ல 25-க்குக் கீழன்னு போட்டிருக்கு, ட்ரை-எக்ஸ்ல 17 தானே" என்று கேட்டால் நான் பதில் எழுத மாட்டேன்.

பிஎஸ்என்ஆர் பார்த்து முடிவு சொல்வது

பிஎஸ்என்ஆர் என்பது இரண்டு படங்களைப் பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண். கிரெய்னை முழுக்க வழித்தெடுத்த படத்துக்கு அது கூடும். அச்சு அசலாக அதே தன்மையில் புதிதாகப் போட்ட கிரெய்னுக்குக் குறையும், மணிகள் அதே இடத்தில் விழவில்லையே. 2004-இல் வந்த எஸ்எஸ்ஐஎம் என்ற ஒப்பீட்டு மதிப்பெண் மற்ற விஷயங்களில் மேல், இதில் அதுவும் தடுமாறும்.

காஸியன் நாய்ஸைத் தூவிவிட்டு பிலிம் கிரெய்ன் என்பது

மாடல் செய்ய வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். படம் முழுக்க ஒரே அளவு, பிக்சலுக்குப் பிக்சல் தொடர்பில்லாத நாய்ஸ். பிலிம் இந்த இரண்டிலும் அப்படி நடந்துகொள்வதில்லை. 1913-இல் நட்டிங் என்பவர் எழுதிய சூத்திரப்படி அடர்த்தி என்பது ஓர் அலகுப் பரப்பில் சிதறிக் கிடக்கும் மணிகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் பரப்பையும் பெருக்கி, 0.434-ஐக் கொண்டு சரிசெய்தது. மணிகள் தாறுமாறாக விழுந்தவை என்று வைத்துக்கொண்டால், விலக்கம் அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு ஏறும். சென்சாரிலும் இதன் சாயல்தான்: 10,000 எலக்ட்ரானுக்கு நாய்ஸ் 100, 100 எலக்ட்ரானுக்கு 10.

அதே சூத்திரத்தில் ட்ரை-எக்ஸின் 17-ஐப் போட்டுப் பாருங்கள், ஒரு மணியின் பரப்பு சுமார் 1.2 சதுர மைக்ரான் என்று வரும், விட்டம் ஏறக்குறைய ஒன்றேகால் மைக்ரான். அச்சில் நம் கண்ணுக்குப் படுவது இந்த ஒற்றை மணி கிடையாது, மணிகள் தற்செயலாக மேலும் கீழுமாகக் குவிந்த கூட்டம். பிக்சலுக்கு ஒரு மணி என்று தூவுகிற மாடல்கள் உப்புத்தாள் போலத் தெரிவது இதனால்தான்.

ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறையில் செய்திருப்பதைப் பாருங்கள். கிரெய்னை நீக்கிவிட்டுப் படத்தைச் சுருக்கி, பக்கத்துப் பிக்சல்களோடு உள்ள தொடர்பைச் சில எண்களாகவும், வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கிரெய்ன் கூடிக் குறைவதை ஒரு வளைகோடாகவும் தனியே அனுப்புகிறார்கள். பார்க்கிற பக்கத்தில் கிரெய்ன் புதிதாக உருவாகிறது. தொடர்பு, வெளிச்சம் இரண்டுமே அதில் இருக்கின்றன. உங்கள் மாடல் இதைவிட எளிதாக இருக்கலாம், ஆனால் இந்த இரண்டில் ஒன்று விடுபட்டாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும். சரி, செய்து முடித்ததும் உங்கள் செயற்கைக் கிரெய்னையும் 1, 2, 4, 8 என்று சேர்த்துப் பார்த்து, உண்மையான ஸ்கேனின் நாலு எண்களுக்குப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். நான் முதலில் எட்டுக்கு எட்டு சேர்த்த எண்ணைத்தான் பார்ப்பேன்.