எஞ்சின் ஆயில் குறையாம கூடுதுன்னா ஸ்டார்ட் கயிற இழுக்காதீங்க, முதல்ல டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க

போன வருஷம் மஞ்சக்காட்டுல களை ஓட்டலாம்னு பவர் வீடர வெளிய எடுத்தேன், ரெண்டு வாரமா சும்மா நின்ன வண்டி, வழக்கம்போல ஆயில் பாக்கலாம்னு மூடியத் திருகினா அதோட வர்ற அளவு குச்சி, அதான் டிப்ஸ்டிக், முழுசா வெளிய வர்றதுக்குள்ளயே ஆயில் பொளபொளன்னு வழிஞ்சு கீழ ஊத்துது. நான் ஊத்தினது 600 மில்லி, சமதரையில வச்சா வாய் விளிம்பு வரைக்கும்தான் நிக்கணும். இங்க தண்ணி மாதிரி ஓடுது, மூக்குகிட்ட கொண்டு போனா பெட்ரோல் பங்க் வாசம். தம்பி பக்கத்துல நின்னுட்டு "ஆயில் நிறையத்தான இருக்கு, ஓட்டலாம்ணா"ன்னான். அப்படி நினைச்சு ஓட்டித்தான் நிறைய பேர் எஞ்சின காலி பண்ணிக்கிறாங்க, அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன்.

சும்மா நின்ன எஞ்சின்ல ஆயில் தன்னால கூடவே கூடாது. கூடிருக்குன்னா வேற ஏதோ உள்ள போயிருக்கு, பெட்ரோல் எஞ்சின்ல பத்துக்கு ஒம்போது தடவ அது பெட்ரோல்தான்.

ஏன் இவ்வளவு பயப்படணும்னு கேட்டீங்கன்னா, வீடர், தண்ணி பம்ப், சின்ன ஜெனரேட்டர்ல வர்ற 5.5, 6.5, 7 எச்பி எஞ்சின் பெரும்பாலும் ஹோண்டா ஜிஎக்ஸ் மாடல்தான், இல்ல அத பாத்து செஞ்சது. இதுல ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க்ங்கிற சுத்துற தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடுக்கு அடியில சின்னதா கரண்டி மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கும், அது சுத்தும்போது ஆயில வாரி நாலாபக்கமும் அடிக்கும், அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும். ராடு அலுமினியம், கார் எஞ்சின்ல இருக்குற மாதிரி மாத்துற பேரிங் ஷெல் எதுவும் கிடையாது, அலுமினியம் நேரா கிராங்க் மேல ஓடுது, நடுவுல இருக்குறது ஆயில் படலம் மட்டும்தான். அந்த ஆயில்ல பெட்ரோல் கலந்தா படலம் நிக்காது, லோடு குடுத்து கொஞ்ச நேரம் ஓட்டினாலே ராடு கிராங்க்க புடிச்சு உடஞ்சு கிராங்க் கேஸ, அதான் ஆயில் நிக்கிற எஞ்சின் அடிப்பெட்டிய, ஓட்ட போட்டுட்டு வெளிய வரும். ஆயில் குறைஞ்சா எஞ்சின தானா நிறுத்துற சென்சார் உங்க வண்டில இருந்தாலும் இதுல உதவாது, ஏன்னா அது பாக்குறது மட்டத்த மட்டும், மட்டம் இங்க ஏறித்தான இருக்கு. இன்னொண்ணு, கிராங்க் கேஸ் பூரா பெட்ரோல் ஆவி நிக்கும், பக்கத்துல நெருப்பு இருந்தா பெரிய ஆபத்து.

அதனால சந்தேகம் வந்த உடனே ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க, பெட்ரோல் வர்ற வழிய திறந்து மூடுற காக் லீவர மூடுங்க, வண்டிய வெட்டவெளிக்கு கொண்டு போங்க. அடுப்பு, பீடி சிகரெட், சாமி விளக்கு எதுவும் கிட்ட வேண்டாம். கயிறு பாதியில கல்லு மாதிரி நின்னா பலம் போட்டு இழுக்காதீங்க, பிஸ்டன் மேல பெட்ரோல் நிறைஞ்சு நிக்குதுன்னு அர்த்தம், அது அமுங்காது, கை தோள்பட்டையோட போயிடும்.

நிஜமாவே பெட்ரோல்தானான்னு உறுதி பண்ண எனக்குத் தெரிஞ்ச சுலபமான வழி ஒரு துண்டு பேப்பர். டிப்ஸ்டிக்ல இருந்து ஒரு சொட்டு பேப்பர்ல வைங்க, பக்கத்துலயே டப்பால இருக்குற புது ஆயில் ஒரு சொட்டு வைங்க. புது ஆயில் மெதுவா கொழகொழன்னு பரவும். பெட்ரோல் கலந்தது சட்டுனு ஊறி பெரிய வட்டமா ஓடிடும், ஓரத்துல மெலிசா இன்னொரு வளையம் தெரியும். ஆயில் வெள்ளையா மோர் மாதிரி இருந்தா அது தண்ணி, கத வேற. சில பேர் அந்த பேப்பர கொளுத்திப் பாக்கச் சொல்லுவாங்க, தயவு செஞ்சு அத செய்யாதீங்க, மூக்கும் பேப்பரும் போதும்.

இப்ப பெட்ரோல் எப்படி அங்க போச்சுன்னு புரிஞ்சுக்கணும், இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. டேங்க் மேல, பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்குற கார்பரேட்டர் கீழ, பெட்ரோல் தன்னால இறங்குது. கார்பரேட்டர் கிண்ணத்துல ஒரு ஃப்ளோட் மிதக்கும், நம்ம வீட்டு மாடி தண்ணி டேங்க்ல பந்து ஏறி வால்வ மூடுமே அதே வேலைதான், கிண்ணம் நிறைஞ்சதும் ஃப்ளோட் ஏறி நீடில்ங்கிற ஒரு சின்ன ஊசி வால்வ மேல தள்ளி வழிய அடைக்கும். நீடில் நுனில தூசியோ துருவோ பசையோ ஒட்டிருந்தா முழுசா அடைக்காது, பெட்ரோல் சொட்டு சொட்டா ஏறி ஜெட்ங்கிற சின்ன ஓட்டை வழியா கார்பரேட்டர் தொண்டைக்கு வந்துடும். அங்கிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் சாஞ்சா வெளிய வழியும், நாம கண்ணால பாத்துடுவோம். எஞ்சின் பக்கம் சாஞ்சு, காத்தும் பெட்ரோலும் உள்ள போற இன்டேக் வால்வும் திறந்து நின்னா நேரா சிலிண்டர்க்குள்ள போகும், பிஸ்டன சுத்தி இருக்குற ரிங்கோட வாய் இடைவெளி வழியா ராத்திரி பூரா மெதுவா இறங்கி கிராங்க் கேஸ்ல சேரும். வெளிய ஒரு சொட்டு தெரியாது. இதே ரிங் வழியா இறங்குறதால சில பட்டறையில உடனே "ரிங் போச்சு, போர் பண்ணணும்"னு, அதாவது சிலிண்டர கடையணும்னு சொல்லிடுவாங்க, என்கிட்டயும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னாரு. புது ரிங் போட்டாலும் நின்னுட்டு இருக்குற பெட்ரோல ரிங் தடுக்காது, எந்த ரிங்குக்கும் வாய் இடைவெளி உண்டு. கார்பரேட்டர பாக்காம எஞ்சின் பிரிக்க விடாதீங்க.

அதே மாதிரி இன்னொரு தப்பு, ஆயில மட்டும் மாத்திட்டு ஓட்டுறது. நாலு நாள்ல திரும்ப அதே கததான். ஓட்டை இருக்குற இடத்த கண்டுபிடிக்காம ஆயில் ஊத்துறது காசுக்குக் கேடு.

முதல்ல காக் சரியா மூடுதான்னு பாருங்க. காக்க ஆஃப்ல வச்சுட்டு கார்பரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஓரமா இருக்குற டிரெயின் போல்ட்ட கழட்டி ஒரு டப்பா வைங்க. கிண்ணத்துல இருந்தது வடிஞ்சதும் நின்னுடணும். பத்து நிமிஷம் கழிச்சும் சொட்டுனா காக் உள்ள இருக்குற ரப்பர் போச்சு, லீவருக்கு பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ கழட்டினா நாலு ஓட்டை போட்ட சின்ன ரப்பர் இருக்கும், அதான். அடுத்தது நீடில். போல்ட்ட திரும்ப மாட்டி, ஏர் ஃபில்டர கழட்டி, எஞ்சின சமமா வச்சு காக்க திறந்து விடுங்க. எல்இடி டார்ச் அடிச்சு கார்பரேட்டர் தொண்டைய ஒரு கால் மணி நேரம் கவனிங்க. எஞ்சின் ஓடாம இருக்கும்போது அங்க காஞ்சுதான் இருக்கணும். நடுவுல இருக்குற குழாய்ல பெட்ரோல் துளிர்த்து நனையுதுன்னா திருடன் கெடச்சாச்சு.

கார்பரேட்டர கழட்டும் முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுத்துக்குங்க, எஞ்சின் வேகத்த கட்டுப்படுத்துற கவர்னர் ராடும் அதோட மெல்லிசு ஸ்பிரிங்கும் எந்த ஓட்டையில மாட்டிருக்குன்னு அப்புறம் சத்தியமா ஞாபகம் வராது. கேஸ்கட்டும் நடுவுல வர்ற கருப்பு கட்டையும் எந்த வரிசையில எந்த பக்கம் பாத்து இருந்துச்சோ அப்படியே எடுத்து வைங்க, மாத்தி போட்டா காத்து ஓட்டை வழி அடைஞ்சு வேற பிரச்சினை வரும். அடியில நடுவுல 10 நம்பர் போல்ட் கழட்டினா கிண்ணம் வந்துடும். ஃப்ளோட்ட புடிச்சிருக்குற பின்ன தள்ளினா ஃப்ளோட்டும் நீடிலும் சேந்து வரும், நீடில் ரொம்ப சின்னது, கீழ ஒரு வெள்ளத் துணி விரிச்சுட்டு செய்யுங்க.

ஃப்ளோட்ட காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள சலசலன்னா ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துடுச்சு, அது இனி மிதக்காது, மாத்தணும். சத்தம் இல்லன்னாலும் சூடான தண்ணில முக்கிப் பாருங்க, நுரைக்குமிழி வந்தா ஓட்டைதான். நீடிலோட கூம்பு நுனிய நகத்தால தடவிப் பாருங்க, வளையமா பள்ளம் தட்டுப்பட்டா தேஞ்சுடுச்சு. நீடில் போய் உக்கார்ற பித்தளை சீட்ட இயர் பட்ல கார்பரேட்டர் கிளீனர் தொட்டு சுழட்டி சுழட்டி துடைங்க. எமரி பேப்பர், ஊக்கு, குண்டூசி எதுவும் உள்ள விடாதீங்க, ஒரு கீறல் விழுந்தா எந்த நீடில் போட்டாலும் அடைக்காது. அந்த சீட் தனியா மாத்த வராது, அது கெட்டா மொத்த கார்பரேட்டரும் மாத்தணும்.

ஃப்ளோட்டும் நீடிலும் மாட்டினதும் சோதிக்காம வண்டில ஏத்தாதீங்க. கார்பரேட்டர தலைகீழா புடிச்சா ஃப்ளோட் தன் வெயிட்லயே நீடில அமுக்கும், காக்க திறந்து வச்சு பெட்ரோல் வர்ற வழியில சுத்தமான ஒரு ட்யூப் மாட்டி வாயால லேசா ஊதுங்க, காத்து போகவே கூடாது. ஃப்ளோட்ட விரலால தூக்கினா போகணும். உறிஞ்சாதீங்க, ஊத மட்டும் செய்யுங்க, கம்ப்ரஸர் காத்து வேண்டாம், அந்த பிரஷர்ல நல்ல நீடிலும் விட்டுடும். என் வீடர்ல நீடில்ல பள்ளம் விழுந்திருந்துச்சு, ஸ்பேர் கடையில நீடிலும் ஃப்ளோட்டும் செட்டா வாங்கினேன், ஒரு லிட்டர் நல்ல ஆயில் வாங்குற காசு கூட ஆகல.

இப்ப எஞ்சின சுத்தம் பண்ணணும். பிளக்க கழட்டி, பிளக் கேப்ப தூரமா ஒதுக்கி வச்சு, ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கான்னு மறுபடியும் பாத்துட்டு கயிற மெதுவா நாலஞ்சு தடவ இழுங்க, பிளக் ஓட்டை வழியா பெட்ரோல் பீச்சும், முகத்த காட்டாதீங்க. இந்த நேரத்துல பிளக்ல ஸ்பார்க் அடிச்சா அப்படியே பத்திக்கும், அதான் ஸ்விட்ச் விஷயத்துல இவ்வளவு அழுத்தி சொல்றேன். அப்புறம் எஞ்சின் ஆயில் டிரெயின் போல்ட்ட கழட்டி முழுசா வடிய விட்டு, 10டபிள்யூ-30 ஆயில் அளவா ஊத்துங்க. மட்டம் பாக்கும்போது டிப்ஸ்டிக்க திருகக் கூடாது, சும்மா வச்சு எடுக்கணும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச்ல ஆயில் ஏறிருந்தா கழுவி காய வைங்க, பேப்பர் ஃபில்டர்னா மாத்திடுங்க. பிளக்க துடைச்சு இடைவெளி 0.7 இல்ல 0.8 மில்லிமீட்டர் வச்சு மாட்டி, லோடு இல்லாம ஒரு பத்து நிமிஷம் ஓட்டுங்க. முதல்ல வெள்ளப் புகை வரும், சைலன்சர்ல இருக்குறது எரியுது, கொஞ்ச நேரத்துல தெளியணும். சூடோட அந்த ஆயிலையும் வடிச்சுட்டு திரும்ப புதுசு ஊத்துங்க. ரெண்டு தடவ ஆயில் வீணாகுதேன்னு மனசு வலிக்கும், ஆனா மூலை முடுக்குல ஒட்டிருக்குற பழைய பெட்ரோல் கலவைய கழுவ இதான் வழி. வடிச்சத வரப்புலயோ வாய்க்கால்லயோ ஊத்தாதீங்க, நம்ம கிணத்துக்குத்தான் வந்து சேரும், மூடி போட்ட கேன்ல வச்சு பழைய ஆயில் எடுக்குற பட்டறையில குடுத்துடுங்க.

நீடில், காக் ரெண்டும் நல்லா இருந்தும் ஆயில் கூடுதுன்னா, எப்ப கூடுதுன்னு பாருங்க. ராத்திரி மூடி வச்சு காலையில மட்டம் அப்படியே இருந்து, ஓட்டின நாள்ல மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுதுன்னா பெட்ரோல் எரியாம உள்ள போகுது. ஸ்டார்ட் பண்றப்ப காத்த அடைக்கிற சோக் பட்டை முழுசா திறக்காம பாதியில நிக்குதா, ஏர் ஃபில்டர் மண்ணு ஏறி அடைஞ்சிருக்கா, பிளக் கரி புடிச்சு விட்டு விட்டு அடிக்குதான்னு வரிசையா பாருங்க. சூடாகும் முன்னாடியே நிறுத்தி நிறுத்தி ஓட்டுற பழக்கமும் ஒரு காரணம். ரிங்க பத்தி யோசிக்கிறது இதெல்லாம் பாத்ததுக்கு அப்புறம்தான்.

பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்ல ஓட்டுற பம்ப் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, எஞ்சின் நல்லா சூடாகாம மண்ணெண்ணெய்க்கு மாத்தினா அது ஆவியாகாம சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு ஆயில்ல கலக்கும், பெட்ரோல் மாதிரி அப்புறம் ஆவியாகியும் போகாது. நிறுத்தும் முன்னாடியும் பெட்ரோலுக்கு மாத்தி கிண்ணத்துல இருக்குற மண்ணெண்ணெய் தீர்ற வரைக்கும் ஓட்டிட்டு நிறுத்துங்க. டீசல் எஞ்சின்ல கார்பரேட்டரே இல்ல, அங்க பாக்க வேண்டியது ஒழுகுற நாசிலும் (டீசல் பீச்சுற மூக்கு) டீசல் பம்பும், அத சோதிக்க தனி மெஷின் வேணும், பம்ப் சர்வீஸ் பண்ற இடத்துக்கே கொண்டு போங்க.

திரும்ப வராம இருக்க நான் செய்றது இதுதான். வேலை முடிஞ்சதும் காக்க மூடுறேன், தோட்டத்துல இருந்து வண்டில ஏத்தி கொண்டு போறப்ப கட்டாயமா மூடுறேன், ஏன்னா குலுங்குற வண்டில ஃப்ளோட் குதிச்சு நீடில் திறந்து திறந்து மூடும், எஞ்சினும் சாஞ்சு கிடக்கும். இப்ப பங்க்ல வர்றது எத்தனால் 20 சதவீதம் வரை கலந்த பெட்ரோல், எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், மாசக்கணக்கா நின்னா கிண்ணத்துல துருவும் பசையும் சேரும், அதான் நீடில்ல ஒட்டுது. அதனால ஒரு மாசத்துக்கு மேல வேலை இல்லன்னா டேங்கையும் கிண்ணத்தையும் வடிச்சுடுறேன். அப்புறம் கயிற மெதுவா இழுத்து கெட்டியா தடுக்குற இடத்துல விட்டுடுறேன், அங்க ரெண்டு வால்வும் மூடிருக்கும், நீடில் விட்டாலும் சிலிண்டருக்குள்ள சுலபமா இறங்காது.

புது நீடில் போட்டு முதல் மூணு நாள் காலையில காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்க எடுத்து மட்டமும் பாருங்க, மோந்தும் பாருங்க. மூணு நாளும் ஒரே மட்டம், பெட்ரோல் வாசம் இல்லன்னா தைரியமா காட்டுக்குள்ள இறக்கலாம்.